பழைய பிஎம்டபிள்யூ இ46: எந்த ரப்பர் புஷ் போயிருக்கிறது? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

1998 முதல் 2006 வரை தயாரான பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கார்களுக்கு இ46 என்பது தொழிற்சாலைக் குறியீடு. கடைசியாக வந்த காருக்கே இப்போது ஏறக்குறைய இருபது வயது. எஞ்சினைக் கண்ணும் கருத்துமாகக் கவனிப்பவர்கள்கூட, சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே ஒளிந்திருக்கும் ரப்பர் புஷ்களை மறந்துவிடுகிறார்கள். ரப்பர் கெட்டுப்போக கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று இல்லை, வயதே போதும். ஷெட்டில் நின்ற காரின் புஷ்ஷும் இறுகும், வெடிக்கும்.

பல பட்டறைகளில் "சஸ்பென்ஷன் மொத்தமும் போய்விட்டது, முழு செட் மாற்றுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு புஷ்ஷும் தேய்ந்தால் தனக்கென்று ஓர் அறிகுறியைக் காட்டும். அதைப் படிக்காமல் எல்லாவற்றையும் மாற்றினால் செலவு ஏறும். அது மட்டுமல்ல, மாற்றிய பிறகும் சத்தம் நிற்காவிட்டால் எங்கிருந்து தேடுவது என்றே தெரியாது.

முதலில் புஷ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பின்சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் டிரெய்லிங் ஆர்ம் என்ற தண்டின் புஷ்ஷை எடுத்துக்கொண்டால், உள்ளே ஒரு சிறிய குழாய், வெளியே ஒரு பெரிய குழாய், நடுவே இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உட்குழாய் பிராக்கெட்டோடு இறுகி அசையாமல் நின்றுவிடும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆர்ம் திரும்புகிறதே, அந்தத் திருப்பம் முழுவதையும் ரப்பர்தான் முறுகி ஏற்றுக்கொள்கிறது. அங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. அதனால் கிரீஸ் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கவும் செய்யும்.

இதிலிருந்துதான் இந்த வேலையின் மிக முக்கியமான விதி பிறக்கிறது. காரைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், கார் தரையில் இறங்கிய கணமே ரப்பர் முறுகிக்கொள்ளும். சும்மா நிற்கும்போதே பாதி பலத்தைச் செலவழித்துவிட்ட ரப்பர், நாலு பள்ளத்தில் இறங்கினால் கிழியும். புது புஷ் சில மாதங்களில் கிழிந்துவிட்டது, மட்டமான பொருளைக் கொடுத்துவிட்டார் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களில் பலருடைய காரில் நடந்திருப்பது இதுதான். கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் போல்ட்டை முழுதாக இறுக்க வேண்டும்.

ஆகவே ஜாக்கியைத் தொடுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. சமதளத்தில் காரை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் வீல் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதிவையுங்கள். பிறகு கார் ஸ்டாண்டின் மேல் இருக்கும்போது, இன்னொரு ஜாக்கியால் ஹப்பை (சக்கரம் பூட்டும் நடுப்பகுதியை) அதே அளவு வரும்வரை தூக்கினால், கார் தரையில் நிற்கும் நிலை கிடைத்துவிடும். லிஃப்ட் இல்லாத வீட்டு முற்றத்திலும் இதைச் செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். ஸ்டாண்டு வேண்டும், தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வேண்டும்.

பிரேக் போட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது

மணிக்கு 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக பிரேக்கை அழுத்தும்போது ஸ்டீயரிங் இடமும் வலமும் உதறும். பெரும்பாலோர் உடனே டிஸ்க்கை மாற்றுவார்கள். ஓரிரு மாதம் நன்றாக இருக்கும், பிறகு உதறல் திரும்பி வரும்.

பிரேக் பெடலில் கால் வைத்துப் பாருங்கள். பெடலே காலடியில் துடித்தால் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை. பெடல் அமைதியாக இருந்து ஸ்டீயரிங் மட்டும் ஆடினால் முன்சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்ம் என்ற தண்டின் பின்புற புஷ்ஷைச் சந்தேகியுங்கள். பிரேக்கையே தொடாமல் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் வீல் பேலன்சிங் அல்லது டயர். டிஸ்க்கில் உள்ள மிகச் சிறிய குறையைக்கூடத் தளர்ந்த புஷ் பெரிதாக்கிக் காட்டும். புது டிஸ்க் கொஞ்ச காலம் நோயை மறைத்து வைப்பதற்குக் காரணம் அதுதான்.

உறுதிசெய்துகொள்ள ஒரு நல்ல சோதனை உண்டு. காலி இடத்தில் ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள். நடக்கும் வேகத்தில் முன்னால் வந்து சட்டென்று பிரேக், பின்னால் வந்து மறுபடி பிரேக். நீங்கள் பக்கவாட்டில் எட்டி நின்று, முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். புஷ் கிழிந்திருந்தால் சக்கரம் முழுவதுமாக ஒரு துள்ளலில் பின்னால் போய், மறுமுறை முன்னால் வருவது கண்ணுக்கே தெரியும். ஓர் இளைஞர் இதை முதல்முறை பார்த்துவிட்டு, சக்கரமே கழன்றுவிட்டது என்று பதறி ஓடிவந்து நின்றார்.

பிறகு அடியில் பாருங்கள். எம்3 என்ற வேக ரகம் அல்லாத சாதாரண இ46-இல் இந்தப் புஷ் உள்ளே திரவம் நிரப்பியது. பிராக்கெட்டைச் சுற்றிக் கருப்பாக, பிசுபிசுப்பாக வழிந்து காய்ந்த தடம் இருந்தால் திரவம் வெளியேறிவிட்டது. வேறு சோதனை தேவையில்லை. ஆனால் பவர் ஸ்டீயரிங் குழாயிலிருந்தோ எஞ்சினிலிருந்தோ ஆயில் சொட்டினாலும் அதே இடம் நனையும். துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். மேலிருந்து ஆயில் சொட்டுவது உறுதியானால் அந்தக் கசிவை முதலில் நிறுத்த வேண்டும். இல்லையென்றால் புதிய ரப்பரையும் அது தின்றுவிடும்.

மாற்றுவது கடினமில்லை. புஷ் ஒரு பிராக்கெட்டுக்குள் இருக்கும், பிராக்கெட்டை இரண்டு போல்ட்டுகள் பாடியோடு பிடித்திருக்கும். போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு கால் புல்லரால் பிராக்கெட்டை ஆர்மின் முனையிலிருந்து இழுங்கள். இழுப்பதற்கு முன் புஷ் ஆர்மில் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்துவையுங்கள். தனி ரப்பர் வாங்கினால் பிராக்கெட்டுக்குள் பிரஸ் வைத்து ஏற்ற வேண்டும், அப்போது புஷ்ஷின் மேலுள்ள அம்புக்குறி பிராக்கெட்டில் உள்ள குறியோடு ஒத்துப்போக வேண்டும். கோணம் தவறினால், உள்ளே விட்டிருக்கும் காலி இடங்கள் தவறான திசையில் வந்து மெத்தென்ற தன்மை போய்விடும். பிராக்கெட்டோடு சேர்ந்தே வருவதை வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்.

ஆர்மின் முனை அறுகோணமாக இருக்கும். சோப்புத் தண்ணீரைத் தடவித் தள்ளுங்கள், ஆயிலோ கிரீஸோ வேண்டாம். சோப்பு ஈரம் காய்ந்ததும் ரப்பர் ஆர்மைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு அது எந்த நிலையில் பிடித்ததோ அந்த நிலைதான். எனவே ஏற்றிய 30 நிமிடத்துக்குள் பிராக்கெட்டைப் பூட்டிக் காரைத் தரையில் இறக்கிவிட வேண்டும் என்பது விதி. ஒரு பக்கத்தை ஏற்றிவிட்டு அடுத்த பக்கத்தைக் கழற்றத் தொடங்கினால் நேரம் போய்விடும். பழையவை இரண்டையும் கழற்றி, முனைகளைச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்ட பிறகே புதியதை எடுங்கள். பிராக்கெட் போல்ட்டுக்கு முறுக்கு அளவு 59 நியூட்டன் மீட்டர். கார் தன் எடையில் நின்று ஈரம் நன்றாகக் காயட்டும், அதன் பிறகு ஓட்டலாம்.

கழற்றியிருக்கும்போதே ஆர்மின் இரண்டு பால் ஜாயின்டுகளையும் நெம்பிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஆர்மையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

நேர்ச்சாலையில் பின்பக்கம் தனியாக நீந்துகிறது, பின் டயர் உள்விளிம்பு தேய்கிறது

இ46-இன் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. லாரியை முந்தும்போது, காற்றடிக்கும் பாலத்தின் மேல், அல்லது வளைவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடும்போது, பின்பக்கம் ஒரு கணம் தானாகத் திரும்புவதுபோல் இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பவே இல்லை, ஆனாலும் கார் திசை மாறும். இதை ஓட்டுநரின் பிரமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பின் டிரெய்லிங் ஆர்ம் புஷ் தளர்ந்தால், சக்கரத்தின் டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) ஓட்டத்திலேயே மாறிக்கொண்டிருக்கும்.

பின் டயரின் உட்புற விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது பள்ளங்கள் ஆழமாக, டயர் நன்றாகத்தான் தெரியும். உள்ளே கை விட்டால் விளிம்பு வழுவழுவென்று இருக்கும், சில காரில் கம்பியே கையில் குத்தும். இ46 வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றே இதைச் செய்துபாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் அந்த டயர் என்ன செய்யும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

புஷ் இருக்கும் இடம் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், பாடியில் ஒரு குழிக்குள். பிராக்கெட்டுக்கும் ஆர்முக்கும் நடுவே நெம்புகோல் வைத்துப் பக்கவாட்டில் நெம்புங்கள். நல்ல ரப்பர் கொஞ்சம் இணங்கி உடனே திரும்பும். கிழிந்தது வாய் பிளந்து காட்டும். உட்குழாய் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும் அதன் காலம் முடிந்துவிட்டது.

மாற்றும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பிராக்கெட் பாடியில் பூட்டியிருக்கும்போது, புஷ்ஷின் நடுவே போகும் போல்ட் குழிக்குள் மறைந்துவிடும். அதனால் காரை இறக்கிவிட்டு இறுக்கலாம் என்ற வழி இங்கே கிடையாது. கீழேயே, பிராக்கெட்டைச் சரியான கோணத்தில் வைத்து இறுக்கிவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். அதற்கென்று தனிக் கருவி உண்டு. அது இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம்: எதையும் கழற்றும் முன், ஹப்பை ஜாக்கியால் தூக்கி எழுதிவைத்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் பிராக்கெட்டின் பக்கத்திலிருந்து ஆர்மின் மேல் வரை தொடர்ச்சியாக ஒரு நேர்கோடு கீறுங்கள். புது புஷ் போட்ட பிறகு அந்த இரண்டு கீறல்களும் மீண்டும் ஒரே கோட்டில் வரும்படி வைத்து நடு போல்ட்டை 110 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கோணம் கிடைத்துவிட்டது.

இன்னொரு குறியும் அவசியம். பிராக்கெட்டை மூன்று போல்ட்டுகள் பாடியோடு பிடிக்கின்றன, துளைகள் நீண்டவை. பின்சக்கரத்தின் டோ அளவைத் திருத்துவது அந்தத் துளைகளில் நகர்த்தித்தான். பிராக்கெட்டின் விளிம்பைச் சுற்றிப் பாடியில் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோட்டுக்குள் வைத்து 77 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், அலைன்மென்ட் கடை வரைக்குமாவது கார் ஒழுங்காகப் போகும்.

பிராக்கெட்டைக் கழற்றி ஆர்மைக் கீழே இழுக்கும் முன், பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் வயர் ஆகியவை ஆர்மோடு பூட்டியிருக்கும் இடங்களைத் தளர்த்துங்கள். இழுக்கும் வேகத்தில் பிரேக் குழாய் மடங்கிவிட்டால் வேலை இரண்டாகிவிடும். பழைய புஷ்ஷை எடுக்க, திரெட் ராடும் தகுந்த அளவு குழாய்த் துண்டுகளும் போதும். எந்த லேத் பட்டறையிலும் புஷ்ஷை மாதிரிக்குக் காட்டினால் வெட்டிக் கொடுப்பார்கள். சிலர் தீ வைத்து ரப்பரை எரித்து எடுப்பார்கள். பக்கத்திலேயே பிரேக் குழாய் ஓடுகிறது, ரப்பர் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல. அதைச் செய்யாதீர்கள். பிடிவாதமாக இருந்தால், ரப்பரைத் துளையிட்டு நீக்கி, வெளிக்குழாயை ஹேக்சா பிளேடால் உள்ளிருந்து அறுத்து மடக்கலாம். பிளேடு ஆர்மை வெட்டும் முன் நிறுத்துங்கள். ஏற்றும்போது பழையது எந்தத் திசையில், எந்த ஆழத்தில் இருந்ததோ அப்படியே.

பாலியூரித்தேன் போடலாமா என்ற கேள்வி இங்கே கட்டாயம் வரும். இந்த ஓர் இடத்துக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டிரெய்லிங் ஆர்ம் மேலும் கீழும் மட்டும் போவதில்லை. மற்ற இரண்டு ஆர்ம்களும் இழுப்பதால் அது பக்கவாட்டிலும் சாய்ந்து திரும்புகிறது. ரப்பர் எல்லாத் திசைக்கும் வளைந்து கொடுக்கும். கடினமான பாலியூரித்தேன் ஓர் அச்சில்தான் நன்றாகச் சுழலும், மற்றதில் இறுகி மல்லுக்கட்டும். அந்த பலம் எங்கே போகும்? பாடியில் போல்ட் பிடித்திருக்கும் இடத்துக்குப் போகும். நல்ல நிறுவனத்தின் ரப்பர் புஷ் போட்டுச் சரியான கோணத்தில் இறுக்குங்கள், தினசரி ஓட்டத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கிளட்ச்சை விட்டதும், ஆக்சிலரேட்டரை விட்டு மிதித்ததும் பின்னால் 'டொக்'

இந்த அறிகுறியை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. பின் ஆர்ம்களைத் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேம் நான்கு ரப்பர் புஷ்கள் மூலம் பாடியின் அடித்தகட்டோடு பூட்டப்பட்டிருக்கிறது. முன் சப்ஃப்ரேமுக்கு இப்படி ரப்பர் கிடையாது, அது நேராகப் பாடியோடு பூட்டியது. எஞ்சினின் இழுவிசை முழுவதும் கடைசியில் இந்த நான்கு புள்ளிகளில்தான் பாடிக்குப் போய்ச் சேருகிறது. இ46-இல் அந்தப் புள்ளிகளைச் சுற்றித் தகடு வெடிப்பது உலகம் முழுவதும் தெரிந்த குறை.

சத்தம் எங்கிருந்து என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கியர்பாக்ஸையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் இணைக்கும் ரப்பர் வட்டு, ஷாஃப்டின் நடுபேரிங், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் புஷ் ஆகியவையும் இதே 'டொக்' போடும். காரை ஸ்டாண்டின் மேல் ஏற்றி, கியரில் விட்டு, ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள். எந்த இடத்தில் முதலில் ஆட்டம் தெரிகிறதோ அங்கே பாருங்கள். ரப்பர் வட்டில் போல்ட் துளைகளுக்கு நடுவே வெடிப்பு இருந்தால் கண்ணில் படும். டிஃபரென்ஷியல் மூக்கு எழும்பி இறங்கினால் அதன் புஷ். இவை எல்லாம் நன்றாக இருந்தால்தான் சப்ஃப்ரேம்.

சப்ஃப்ரேமுக்கும் பாடிக்கும் நடுவே நெம்புகோலால் நான்கு இடங்களிலும் நெம்பிப் பாருங்கள். பிறகு, புஷ் எப்படி இருந்தாலும் சரி, நான்கு இடங்களைச் சுற்றியும் மண்ணைக் கழுவி, அடிப்பூச்சைச் சுரண்டி, நல்ல விளக்கு வைத்துப் பாருங்கள். தலைமுடி அளவுக் கோடு ஒன்று பூச்சில் தெரிந்தால், அதன் ஓரமாகத் துருவின் பழுப்பு கசிந்திருந்தால், அது தகட்டில் விழுந்த வெடிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெடிப்பு இருந்தால் புது புஷ் வாங்குவதை நிறுத்திவையுங்கள். முதலில் மெல்லிய தகட்டு வேலையில் கைதேர்ந்த வெல்டரிடம் போக வேண்டும். வெடிப்பின் முனைகளில் துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, வெல்டு செய்து, மேலே வலுவூட்டும் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பின் இருக்கைக்கு அடியில், மிகப் பக்கத்தில் இருக்கிறது. டேங்கைக் கழற்றாமல், உட்புறக் கம்பளத்தை எடுக்காமல், பேட்டரி இணைப்பைப் பிரிக்காமல் வெல்டிங் தொடங்குகிறேன் என்று சொல்பவரிடம் காரை விடாதீர்கள். அந்த ஒரு பேச்சே அவர் யார் என்று சொல்லிவிடும்.

வெடிப்பு இல்லை, புஷ் மட்டும்தான் என்றால், சைலன்சரை இறக்கி, ஷாஃப்டை டிஃபரென்ஷியலிலிருந்து பிரித்து, டிஃபரென்ஷியலுக்கு அடியில் மரக்கட்டை வைத்த டிராலி ஜாக்கியால் சப்ஃப்ரேமைத் தாங்கியபடி இறக்க வேண்டும். இறங்க இறங்க பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் வயர் மூன்றையும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் பாருங்கள். இதைத் தனியாளாகச் செய்யாதீர்கள். புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே காலி இடங்கள் இருக்கும். அவை எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று சப்ஃப்ரேமின் மேல் பெயின்ட்டால் குறித்துக்கொண்டு, புதியதை அதே திசையில் ஏற்றுங்கள். போல்ட்டுகள் புதியவை போடுவது நல்லது. முறுக்கு அளவை உங்கள் மாடலுக்கான சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சப்ஃப்ரேம் புஷ் ஆர்ம் புஷ்போல் முறுகாது, எடையைத்தான் தாங்குகிறது. அதனால் இதற்குத் தரைநிலை விதி பெரிதாகப் பொருந்தாது. ஆனால் இந்த வேலைக்காகத் தளர்த்திய மற்ற ஆர்ம் போல்ட்டுகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

வேகத்தடையிலும் சிறு பள்ளத்திலும் மட்டும் சத்தம்

பின்னால் டிக்கிப் பக்கமிருந்து 'கடக் கடக்' என்று வந்தால் ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட்டைப் பாருங்கள். இ46-இல் அது அடிக்கடி போகும் பொருள், விலையும் குறைவு. முன்னால் வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு). ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் அதிகமானால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்திருக்கிறதா என்றும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் மாற்றியாயிற்று, கார் இன்னும் ஒரு பக்கம் இழுக்கிறது

பெரும்பாலும் அலைன்மென்ட். பல கடைகளில் முன்சக்கரம் இரண்டை மட்டும் திருத்திவிட்டு அனுப்பிவிடுவார்கள். இந்தக் காரில் பின்சக்கரத்துக்கும் டோ, கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே அல்லது வெளியே சாயும் அளவு) இரண்டும் உண்டு. டோ டிரெய்லிங் ஆர்ம் பிராக்கெட்டில், கேம்பர் கீழ் ஆர்மின் உட்புறம் உள்ள எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட்டில். கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, நான்கு சக்கரமும் செய்வாரா என்று உறுதிசெய்துகொண்டு போங்கள்.

அளவெடுக்கும்போது கார் காலியாக இருக்கக் கூடாது என்பதும் பலருக்குத் தெரியாது. பிஎம்டபிள்யூ சொல்லும் முறை: முன் இருக்கைகளில் தலா 68 கிலோ, பின் இருக்கையின் நடுவில் 68 கிலோ, டிக்கியில் 21 கிலோ, டேங்க் நிறைய எரிபொருள். மணல் மூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் முதலில் வியப்பாகப் பார்ப்பார். காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள், நல்ல தொழிலாளி உடனே புரிந்துகொள்வார்.

அலைன்மென்ட்டுக்குப் பிறகும் இழுத்தால், இறுக்கிய ஆர்ம் போல்ட்டுகளில் ஏதாவது ஒன்று தொங்கும் நிலையில் இறுக்கப்பட்டதா என்று பாருங்கள். எழுதிவைத்த உயரத்தோடு இப்போதைய உயரத்தை ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் தூக்கி நின்றால் அந்தப் பக்கத்து ரப்பர் முறுகிப் பிடித்திருக்கிறது. கையெட்டும் போல்ட்டாக இருந்தால் தளர்த்தி, கார் தன் எடையில் நிற்கும்போது மறுபடி இறுக்குங்கள். டிரெய்லிங் ஆர்மாக இருந்தால் பிராக்கெட்டை இறக்கித்தான் திருத்த வேண்டும், அதன் பிறகு அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும்.